ஒரே வேலைக்கு 23 திட்டங்கள்: வயர்லெஸ் தரநிலை முன்மொழிவுகளை ஒப்பிடுவது எப்படி?

2006 ஜனவரி 19 அன்று ஹவாயில் கூடியிருந்த ஒரு பொறியாளர் குழு, மூன்று ஆண்டுகளாக மல்லுக்கட்டிய வேலையைக் கைவிடுவது என்று வாக்களித்தது. தொழில்நுட்பத் தரநிலைகளை வகுக்கும் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் 802.15.3ஏ பணிக்குழு அது. ஒரு அறைக்குள், பத்து மீட்டர் தூரத்துக்குள், கேபிள் இல்லாமல் அதிவேகமாகத் தரவு அனுப்ப ஒரு தரநிலை எழுத வேண்டும் என்று 2002 டிசம்பரில் தொடங்கிய திட்டம். கேமராவிலிருந்து கணினிக்கு, வீடியோ பிளேயரிலிருந்து டிவிக்கு, கணினியிலிருந்து பிரிண்டருக்கு என்று மேசைக்குப் பின்னால் சிக்கிக் கிடக்கும் வயர்களை எல்லாம் ஒழித்துவிடுவது நோக்கம். 23 முன்மொழிவுகள் வந்தன. அவை இரண்டாகக் குறைந்தன. அந்த இரண்டு கடைசி வரை ஒன்றாகவே இல்லை.

பொதுவாக நாம் படிப்பதெல்லாம் வென்ற திட்டத்தைப் பற்றித்தான். தோற்றவை எதற்காகத் தோற்றன என்று யாரும் எழுதி வைப்பதில்லை. இங்கே இரண்டுமே பாதி வழியில் நின்றுபோனதால், இரு தரப்பின் கணக்குகளும் எதிர்வாதங்களும் அருகருகே கிடைக்கின்றன. ஒரு வயர்லெஸ் முன்மொழிவை இன்னொன்றோடு எப்படி ஒப்பிடுவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கணிதம் அதிகம் வேண்டாம். பெருக்கல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

அரை மில்லிவாட்

எல்லாம் தொடங்கியது 2002 பிப்ரவரியில். அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றையை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அனுமதி தந்தது. மொத்தம் 7,500 மெகாஹெர்ட்ஸ். வைஃபையும் ப்ளூடூத்தும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் அகலமே சுமார் 83 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு தாராளத்துக்கு ஒரு விலை இருந்தது. அந்த இடம் ஒன்றும் காலி மனை இல்லை. செயற்கைக்கோள் டிவி, ரேடார், 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை எல்லாம் ஏற்கெனவே அங்கே குடியிருக்கின்றன. அவர்கள் காதில் விழாத அளவுக்கு மெல்லப் பேசினால் மட்டும்தான் அனுமதி: ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு மைனஸ் 41.3 டிபிஎம், அதாவது சுமார் 74 நானோவாட். கணினி போன்ற கருவிகள் வேலை செய்யும்போது தற்செயலாகக் கசியவிடும் ரேடியோ இரைச்சலுக்கு என்ன வரம்போ, அதே வரம்பு. 7,500 மெகாஹெர்ட்ஸையும் விளிம்பு வரை நிரப்பினாலும் மொத்தத் திறன் 0.56 மில்லிவாட்தான் வரும். வீட்டு வைஃபை ரூட்டர் சாதாரணமாக 100 மில்லிவாட் வரை போகும். இப்படி மிக அகலமான பட்டையில் மிக மெலிதாகப் பேசும் முறைக்குத்தான் அல்ட்ரா வைட்பேண்ட், சுருக்கமாக யுடபிள்யூபி, என்று பெயர். சிக்னல் குறைந்தது 500 மெகாஹெர்ட்ஸ் அகலமாக இருந்தால் இந்த வகையில் சேரும்.

ஒப்பிடுகிறவருக்கு இதனால் ஒரு வசதி. திறனைக் கூட்டி வேகத்தைக் கூட்டும் குறுக்குவழி யாருக்கும் கிடையாது. எல்லோர் கையிலும் அதே அரை மில்லிவாட். அதை வைத்துக்கொண்டு யார் எவ்வளவு சாமர்த்தியமாகக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதுதான் போட்டி.

அளவுகோல் யாருடையது?

முன்மொழிவுகளைக் கேட்பதற்கு முன்பே குழு ஒரு நல்ல காரியம் செய்தது: எதை வைத்து அளப்பது என்று எழுதி வைத்தது. பத்து மீட்டரில் விநாடிக்கு 110 மெகாபிட், நான்கு மீட்டரில் 200 மெகாபிட், இன்னும் கிட்டே வந்தால் விருப்பத்துக்கு 480 மெகாபிட். யார் எப்போது பேசுவது என்று முறை வைக்கும் மேல் அடுக்குக்கு 802.15.3 தரநிலை இருந்தது. ஆகவே 3ஏ குழு தேட வேண்டியிருந்தது கீழே இருக்கும் ரேடியோவை மட்டும்.

“பத்து மீட்டரில் 110 மெகாபிட்” என்று சொன்னால் போதுமா? போதாது. எந்த அறையில்? நடுவே சுவர் உண்டா? எத்தனை பாக்கெட் (ஒரே கட்டாக அனுப்பும் தரவு) கெட்டுப்போனால் பரவாயில்லை? இதைச் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குச் சாதகமான அறையில் சோதித்துவிட்டு வந்து நிற்கும். எனவே நான்கு வகை சூழல்களைக் கணினி மாதிரிகளாக உருவாக்கினார்கள். முதலாவது, நான்கு மீட்டருக்குள், நேர்ப்பார்வை உண்டு, அதாவது இரண்டு கருவிகளுக்கும் நடுவே தடை இல்லை. இரண்டாவது, அதே தூரம், நேர்ப்பார்வை இல்லை. மூன்றாவது, நான்கிலிருந்து பத்து மீட்டர் வரை, நேர்ப்பார்வை இல்லை. நான்காவது, எதிரொலிகள் கன்னாபின்னாவென்று வரும் மோசமான அறை. ஒவ்வொரு வகைக்கும் நூறு கற்பனை அறைகள். எல்லா முன்மொழிவுகளும் அதே நூறு அறைகளில் ஓடிக் காட்ட வேண்டும்.

தேர்ச்சி விதியும் இருந்தது. 1,024 பைட் பாக்கெட்டுகளை அனுப்பினால் நூற்றுக்கு எட்டுக்கு மேல் பிழையாகக் கூடாது. எட்டு சதவீதம் என்றதும் அலட்சியமான விதி போலத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. 1,024 பைட் என்பது 8,192 பிட். அதில் ஒரே ஒரு பிட் தப்பானாலும் முழு பாக்கெட்டும் போயிற்று. பாக்கெட் பிழை எட்டு சதவீதமாக இருக்க வேண்டுமென்றால், லட்சம் பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் தவறக் கூடாது. அப்புறம், நூறு அறைகளில் மிக மோசமான பத்தை ஒதுக்கிவிட்டு மீதித் தொண்ணூறிலும் தேறினால்தான் அந்தத் தூரத்தைத் தன் எல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு தயாரிப்பின் அட்டைப்பெட்டியில் “பத்து மீட்டர் வரை” என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தொண்ணூறு அறைகள்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெட்டிக்குப் பின்னால் அப்படி எத்தனை அறை இருந்தன என்று யார் சொல்லப் போகிறார்கள்?

எதிரொலியை என்ன செய்வது?

23இலிருந்து எஞ்சிய இரண்டில் ஒன்று எம்பி-ஓஎஃப்டிஎம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இன்டெல் உள்ளிட்ட பல பெரிய நிறுவனங்கள் அதன் பின்னால் நின்றன. மற்றது டிஎஸ்-யுடபிள்யூபி. எக்ஸ்ட்ரீம்ஸ்பெக்ட்ரம் என்ற சிறிய நிறுவனமும் மோட்டோரோலாவும் அதை முன்னெடுத்தன. பின்னர் மோட்டோரோலா அந்தச் சிறிய நிறுவனத்தையே வாங்கியது. மோட்டோரோலாவின் சிப் பிரிவு 2004இல் ஃப்ரீஸ்கேல் என்று தனியானபோது இந்த வேலையும் அங்கே போனது. வசதிக்காக ஓஎஃப்டிஎம் தரப்பு, டிஎஸ் தரப்பு என்று அழைப்போம்.

இருவருக்கும் பொது எதிரி எதிரொலி. கல்யாண மண்டபத்தில் மைக்கில் ஒருவர் பேசினால் சுவரில் பட்டு, கூரையில் பட்டு, ஒரே சொல் நாலைந்து தடவை காதில் விழும். வேகமாகப் பேசினால் ஒரு சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொண்டு ஒன்றும் புரியாது. தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, நூறு பேரை நூறு சுருதியில் ஒரே நேரத்தில், ஆனால் நிறுத்தி நிதானமாகப் பேச வைப்பது. ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு எதிரொலி அடங்கும் வரை ஒரு சிறு இடைவெளி. இன்னொன்று, ஒரே ஆளை மூச்சுவிடாமல் வேகமாகப் பேசவிட்டு, கேட்பவர் எதிரொலிகளைப் பிரித்தெடுத்து ஒன்றோடு ஒன்று பொருத்திக்கொள்வது.

ஓஎஃப்டிஎம் தரப்பு முதல் வழியில் போனது. அலைக்கற்றையை 528 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொரு பட்டையிலும் 128 துணை அலைகள். ஒரு குறியீட்டின், அதாவது ஒரே மூச்சில் அனுப்பும் ஒரு தரவுத் துண்டின், நீளம் 312.5 நானோவிநாடி. அதில் 242.4 நானோவிநாடி தரவு, 60.6 நானோவிநாடி மௌனம், மீதி சுமார் 9.5 நானோவிநாடி அடுத்த பட்டைக்குத் தாவுவதற்கு. ஆம், இது ஒரு பட்டையிலேயே நிற்பதில்லை. கீழே உள்ள மூன்று பட்டைகளில் மாறி மாறித் தாவிக்கொண்டே இருக்கும். இந்தத் தாவல் பின்னால் பெரிய தகராறானது, அதை அப்புறம் பார்க்கலாம்.

டிஎஸ் தரப்பு இரண்டாவது வழி. 3.1 முதல் 4.85 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரே அகலமான சிக்னல். விநாடிக்குச் சுமார் 130 கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்கு முக்கால் நானோவிநாடிதான் கிடைக்கும், அதற்குள் ஒளி ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் போகும். ஒரு பிட்டைக் காட்ட, தேவைப்படும் வேகத்துக்கு ஏற்ப, 24 துடிப்புகள் வரை கொண்ட ஒரு தொடரைப் பயன்படுத்துவார்கள். தொடர் நீண்டால் பிழை குறையும், வேகமும் குறையும்.

இப்போது அந்த நான்காவது, மோசமான அறைக்குள் இரண்டையும் விடுவோம். அங்கே எதிரொலிகள் சராசரியாக 25 நானோவிநாடி அளவுக்குப் பரவும். கடைசி முணுமுணுப்பு அதையும் தாண்டும். ஓஎஃப்டிஎம்முக்கு 60 நானோவிநாடி மௌனம் இருப்பதால் பெரும்பகுதி எதிரொலி அதற்குள் அடங்கிவிடும், அடங்குவதை ரிசீவர் சுருட்டித் தரவோடு சேர்த்துக்கொள்ளும். டிஎஸ் சிக்னலுக்கோ 25 நானோவிநாடி என்றால் முப்பதுக்கும் மேற்பட்ட துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று. ரிசீவர் ஒவ்வொரு எதிரொலியையும் தேடிப் பிடித்துக் கூட்ட வேண்டும், எஞ்சியதைக் கழிக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை, ஆனால் சிப்பில் அதற்கென்று இடமும் மின்சாரமும் செலவாகும்.

இதோடு நிறுத்தினால் ஓஎஃப்டிஎம் வென்றது போலத் தெரியும். எதிர்த்தரப்பையும் கேட்போம். அறையில் எதிரொலிகள் ஒன்றோடொன்று மோதும்போது சில அதிர்வெண்களில் சிக்னல் ஏறக்குறைய அழிந்தே போகும். ஓஎஃப்டிஎம் துணை அலை ஒவ்வொன்றின் அகலமும் 4.125 மெகாஹெர்ட்ஸ்தான். அழியும் குழிக்குள் ஒரு துணை அலை விழுந்தால் அது சுமந்த பிட் அப்படியே போச்சு. பிழைதிருத்தக் குறியீடு வந்து காப்பாற்ற வேண்டும். டிஎஸ் சிக்னலில் ஒவ்வொரு பிட்டும் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் விரிந்து கிடக்கிறது. அங்கங்கே சில குழிகள் விழுந்தாலும் மொத்தத்தில் பெரிதாக ஒன்றும் குறையாது.

பிழைதிருத்தம் காப்பாற்றுமா என்பது வேகத்தைப் பொறுத்தது. எப்படி என்று பார்க்க ஓஎஃப்டிஎம்மின் 480 மெகாபிட் எங்கிருந்து வருகிறது என்று கணக்கிடலாம். 128 துணை அலைகளில் தரவு சுமப்பவை 100. மற்றவை வழிகாட்டிகளும் காவலும் காலியிடமும். ஒவ்வொன்றிலும் 2 பிட், ஆக ஒரு குறியீட்டுக்கு 200 பிட். 200ஐ 312.5 நானோவிநாடியால் வகுத்தால் விநாடிக்கு 640 மெகாபிட். இதில் கால் பங்கைப் பிழைதிருத்தத்துக்கு விட்டால் மீதி 480. குறைந்த வேகத்தில் அதே 640இல் மூன்றில் இரண்டு பங்கைப் பிழைதிருத்தத்துக்கே கொடுத்து, மிஞ்சியதையும் இரண்டு தடவை அனுப்புவார்கள்: 106.7 மெகாபிட். அங்கே குழிகளைப் பற்றிக் கவலையே இல்லை. 480இல் பாதுகாப்பு மெலிந்துவிடுகிறது, டிஎஸ் தரப்பின் வாதம் அங்கேதான் வலுப்பெறுகிறது.

ஆகவே “எது சிறந்தது?” என்ற கேள்விக்கு வேகத்தைச் சொல்லாமல் பதிலே கிடையாது. ஓஎஃப்டிஎம்காரர்கள் தங்கள் விளக்கப்படங்களில் மோசமான அறையை முன்னால் வைத்ததற்கும், டிஎஸ்காரர்கள் அதிவேகத்தை முன்னால் வைத்ததற்கும் இதுதான் காரணம். யாரும் பொய் சொல்லவில்லை.

39 பிக்கோவாட்டில் என்ன மிஞ்சும்?

முன்மொழிவுகளில் நான் முதலில் தேடும் பக்கம் திறன் கணக்கு. வரவு செலவுக் கணக்கு மாதிரியே இருக்கும், அலங்காரம் குறைவு. தோராயமாக நாமே ஒன்று போடலாம்.

சுமார் 1,500 மெகாஹெர்ட்ஸ் பயன்படுத்தினால் அனுப்பும் திறன் 0.11 மில்லிவாட். 4 கிகாஹெர்ட்ஸில், தடையில்லாத வெளியில், பத்து மீட்டர் போவதற்குள் இது 28 லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். ரிசீவரின் ஆன்டெனாவுக்கு வந்து சேருவது சுமார் 39 பிக்கோவாட் (ஒரு பிக்கோவாட் என்பது நானோவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு). விநாடிக்கு 110 மெகாபிட் வேகத்துக்கு இயற்கையான வெப்ப இரைச்சலின் பங்கு 0.44 பிக்கோவாட், ரிசீவரின் சொந்த இரைச்சல் அதை ஐந்து மடங்காக்கும் என்று வைத்தால் 2.2. ஆக சிக்னல் இரைச்சலைப்போல் சுமார் 18 மடங்கு. நல்ல பிழைதிருத்தம் இருந்தால் இரண்டரை மடங்கு இருந்தாலே பிட்டைப் படித்துவிடலாம். சிப்பில் வரும் குறைபாடுகளுக்கு அதை இரட்டித்து ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 18ஐ ஐந்தால் வகுத்தால் மூன்றரை. சுவர், சோபா, நடுவே நடந்து போகும் மனிதர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையிருப்பு இந்த மூன்றரை மடங்குதான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்று புரியும். ஒரு தரப்பு மற்றதைவிட ஒன்றரை மடங்கு திறமையாகச் சிக்னலைச் சேகரித்தால் அது பெரிய விஷயம்தான், ஆனால் விளையாட்டையே மாற்றும் விஷயமில்லை. இரண்டும் பத்து மீட்டரைத் தொட்டும் தொடாமலும் நின்றன. இரண்டுமே தேறக்கூடிய மாணவர்கள், முதலிடத்துக்குத்தான் சண்டை.

480 மெகாபிட்டுக்குப் போனால் இரைச்சலின் பங்கும் நான்கு மடங்குக்கு மேல் ஏறும். 18 மடங்கு இருந்தது நான்கு மடங்காகிவிடும்; நமக்கு வேண்டியதோ குறைந்தது ஐந்து. பத்து மீட்டரில் கதை முடிந்தது. இரண்டு மீட்டருக்கு வந்தால் சிக்னல் 25 மடங்கு பலமாகும், பிழைத்துக்கொள்ளலாம். அதிவேகத்தை மேசை மேல் மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு இந்தக் கணக்கே காரணம்.

தாவுகிறவனுக்கு மூன்று மடங்கா?

தாவல் தகராறுக்கு வருவோம். ஓஎஃப்டிஎம் சிக்னல் மூன்று பட்டைகளில் தாவுவதால் ஒவ்வொரு பட்டையிலும் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும். சராசரி பார்த்தால், இருக்கும் நேரத்தில் மூன்று மடங்கு பலமாகப் பேசினாலும் வரம்புக்குள்தான் வரும். ஆனால் எஃப்சிசி விதியின்படி, தாவும் கருவியைத் தாவலை நிறுத்திவிட்டு அளக்க வேண்டும். அப்படி அளந்தால் மூன்று மடங்கு பேசுவது குற்றம். மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். மேலே நாம் கணக்கிட்ட மூன்றரை மடங்குக் கையிருப்பு கிட்டத்தட்ட முழுதாகக் கரைந்துபோகும்.

டிஎஸ் தரப்பு இதை விடாமல் பிடித்துக்கொண்டது. அந்தப் பட்டையில் இருக்கும் செயற்கைக்கோள் டிஷ்ஷுக்கு விட்டுவிட்டு வரும் மூன்று மடங்கு இரைச்சல், சீராக வரும் ஒரு மடங்கு இரைச்சலைவிட மோசம் என்பது அவர்கள் வாதம். ஓஎஃப்டிஎம் தரப்பு விலக்கு கேட்டு எஃப்சிசியிடம் 2004இல் மனுச் செய்தது. 2005 மார்ச்சில் விலக்கு கிடைத்தது.

ஒரு முன்மொழிவை மதிப்பிடும்போது சட்டத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைக் காட்டலாம். 2004 முழுவதும் ஓஎஃப்டிஎம்மின் தூரக் கணக்குகளுக்கு அடியில், எழுதப்படாத ஒரு நிபந்தனை இருந்தது: “எஃப்சிசி சம்மதித்தால்”. அதே ஆண்டில் டிஎஸ் தரப்பு தன் சிப்புக்கு எஃப்சிசி சான்றே வாங்கிவிட்டது.

மறுபக்கம், சட்டத்தில் ஓஎஃப்டிஎம்முக்குச் சாதகமான பகுதியும் உண்டு. ஜப்பான் 2006இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2007இலும் விதிகள் வகுத்தபோது, கீழ்ப்பட்டைகளில் வேறு சேவை இருப்பதைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டன. 128 துணை அலைகளில் வேண்டாதவற்றை அணைத்துவிடுவது ஓஎஃப்டிஎம்முக்கு மென்பொருள் வேலை. ஒரே துண்டாக விரிந்திருக்கும் டிஎஸ் சிக்னலில் நடுவில் ஓட்டை போடுவது லேசான காரியமில்லை.

சிப்பின் செலவில் யாருக்கு லாபம் என்பது முடிவே இல்லாத விவாதம். ஓஎஃப்டிஎம் சிப், வரும் சிக்னலை விநாடிக்கு 52.8 கோடி தடவை அளந்தால் போதும்; ஆனால் நுணுக்கமாக அளக்க வேண்டும், 128 துணை அலைகளைப் பிரிக்கும் கணக்கையும் செய்ய வேண்டும். டிஎஸ் சிப் 130 கோடிக்கு மேல் அளக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் கரடுமுரடாக அளந்தாலும் சமாளிக்கும். அதன் டிரான்ஸ்மிட்டர் மிக எளிமையானது. கேமரா போல அனுப்புவதை மட்டும் செய்யும் கருவிக்கு எளிய டிரான்ஸ்மிட்டர் வரப்பிரசாதம். ஆக இரண்டு திட்டங்களிலும் சிரமத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். அதை எங்கே இறக்கி வைத்தார்கள் என்பதுதான் வேறு.

அண்டைவீட்டுப் பிரச்சினையும் உண்டு. அடுக்குமாடியில் நாலு வீட்டில் ஒரே நேரத்தில் இந்தக் கருவிகள் ஓடினால்? ஓஎஃப்டிஎம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாவல் வரிசை கொடுத்தது: ஒன்றுக்கு 1-2-3, இன்னொன்றுக்கு 1-3-2, மற்றொன்றுக்கு 1-1-2-2-3-3, இப்படி. இருப்பது மூன்று பட்டைதான், வீடு நாலு. அவ்வப்போது மோதத்தான் செய்யும். டிஎஸ் தரப்பு வீட்டுக்கு ஒரு துடிப்புத் தொடர் கொடுத்தது. பக்கத்து வீட்டுக் கருவி நம்முடையதைவிட மிக அருகில் இருந்தால் அதுவும் திணறும். இதில் யாரும் முழு மதிப்பெண் வாங்கவில்லை.

75 சதவீதம்

இவ்வளவும் தெரிந்த பொறியாளர்கள் ஏன் ஒரு முடிவுக்கு வரவில்லை? ஐஇஇஇ விதிப்படி இறுதித் தேர்வுக்கு 75 சதவீத வாக்கு வேண்டும். 2003 ஜூலையிலேயே ஓஎஃப்டிஎம் பெரும்பான்மை பெற்று முன்னால் வந்தது, ஆனால் முக்கால் பங்கு கிடைக்கவில்லை. முன்னால் வந்த திட்டம் இந்த 75 சதவீத உறுதி வாக்கெடுப்பில் தோற்றால், ஒதுக்கப்பட்ட மற்றத் திட்டம் மறுபடி களத்துக்கு வரும். மீண்டும் விளக்கம், மீண்டும் கேள்வி, மீண்டும் வாக்கு. கூட்டத்துக்குக் கூட்டம் இதே சுற்றுதான். வாக்கு நிறுவனத்துக்கு இல்லை, தனிநபருக்கு. தொடர்ந்து கூட்டங்களுக்கு வந்தால் வாக்குரிமை கிடைக்கும். ஆள்பலம் உள்ள நிறுவனங்கள் அதிகம் பேரை அனுப்பலாம் என்பது சொல்லாமலே விளங்கும். சிறுபான்மைக்குத் தேவையோ 25 சதவீதத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

சமரச முயற்சியும் நடந்தது. இரண்டு வகைக் கருவிகளும் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்ள ஒரு பொதுவான, மெதுவான மொழியைச் சேர்த்து, இரண்டையுமே தரநிலையில் வைக்கலாம் என்று டிஎஸ் தரப்பு யோசனை சொன்னது. எதிர்த்தரப்பு ஏற்கவில்லை. ஒரே பெயரில் ஒன்றோடொன்று பேசாத இரண்டு கருவிகளைக் கடையில் வைத்தால் வாங்குகிறவர் திட்டமாட்டாரா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. என் கருத்தைக் கேட்டால், தொழில்நுட்ப வித்தியாசம் தாமதத்துக்குத் தகுந்த அளவு பெரிதாக இல்லை. 2003இல் நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் இரண்டில் எது வந்தாலும் பாதகமில்லை.

ஏனென்றால் நடந்தது இதுதான். ஓஎஃப்டிஎம் தரப்பு ஐஇஇஇயை விட்டு வெளியே போய் வைமீடியா கூட்டமைப்பின் வழியாக 2005 டிசம்பரில் எக்மா-368 என்ற பெயரில் தரநிலையை வெளியிட்டது. வயர்லெஸ் யுஎஸ்பி அதன் மேல் கட்டப்பட்டது. கடைக்கு வந்த கருவிகளில் 480 என்று போட்டிருந்தாலும் கையில் கிடைத்தது அதில் சிறு பகுதிதான். ஃப்ரீஸ்கேல் 2006இலேயே டிஎஸ் அணியை விட்டு விலகியது. இன்டெல் 2008இல் இந்த ஆராய்ச்சியை நிறுத்தியது. ப்ளூடூத் அமைப்பு 2006இல் ஓஎஃப்டிஎம் யுடபிள்யூபியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 2009இல் ப்ளூடூத் 3.0 வெளிவந்தபோது அதிவேகத்துக்கு வைஃபை ரேடியோவையே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் வைஃபையின் 802.11என் தரநிலை ஒப்புதல் பெற்றது. வீடு முழுக்க எட்டும் வைஃபை, ஏட்டளவில் 600 மெகாபிட் வரை. மேசை மேல் மட்டும் வேகமாக ஓடும் ரேடியோவை அப்புறம் யார் தேடுவார்கள்?

இன்னொரு விசித்திரம். அதே 802.15 குழுவுக்குள், அதே காலத்தில், 4ஏ என்ற இன்னொரு பணிக்குழுவும் யுடபிள்யூபி முன்மொழிவுகளைப் பரிசீலித்துக்கொண்டிருந்தது. அவர்கள் கேட்டது வேகத்தை இல்லை. குறைந்த மின்செலவும், இரண்டு கருவிகளுக்கு நடுவே உள்ள தூரத்தைத் துல்லியமாக அளக்கும் திறனும்தான். 2005 மார்ச்சில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து, ஒருவர்கூட எதிர்க்காமல், ஒரே முன்மொழிவை ஏற்றார்கள். அதிலும் இரண்டு வெவ்வேறு ரேடியோக்கள் விருப்பத்தேர்வாக இருந்தன என்பது வேடிக்கை. 2007இல் தரநிலை வந்தது. குறுகிய துடிப்புகளை அனுப்பி, அவை வந்துசேரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் அந்த முறை டிஎஸ் திட்டத்தின் நேரடி வாரிசு இல்லை. ஆனால் மிக அகலமான பட்டையில் மிகக் குட்டையான துடிப்பு என்ற அடிப்படை ஒன்றே. 3ஏ குழுவின் ஒப்பீட்டில் இடம் கண்டறிதல் ஒரு ஓரத்து வரிதான். வாக்குகள் வேகத்துக்கும் தூரத்துக்கும் விலைக்கும்தான் விழுந்தன.

2019இல் ஐபோன் 11இல் வந்த யு1 சிப், 2021இல் வந்த ஏர்டேக், சட்டைப்பையில் போன் இருந்தாலே திறந்துகொள்ளும் சில கார்களின் பூட்டு எல்லாம் இந்த 4ஏ வழியில் வந்தவை. 2020இல் 802.15.4இசட் என்ற திருத்தம், தூரத்தைப் பொய்யாகக் காட்டி ஏமாற்ற முடியாதபடி பாதுகாப்பைச் சேர்த்தது. சோபா இடுக்கில் விழுந்த சாவியை இவை சென்டிமீட்டர் கணக்கில் காட்டிக்கொடுக்கின்றன. அதற்கு அவை பயன்படுத்தும் வழக்கமான தரவு வேகம் விநாடிக்கு 6.8 மெகாபிட்.